குதிரையின் முன்பாதி

பாம்பின் வாயில் பீச் பழம் இருக்க வேண்டும் என்று கணவன் சொன்னான். பழம் தனியாக, இலையோடு, பாம்புக்கு மேலே இருக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் நூறாவது நாள் விருந்துக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

"பாம்பு எங்கம்மா கண்டது," என்றான் அவன். "பழம் இவங்கம்மா கண்டது. ரெண்டுல எதையும் விட முடியாது டீச்சர். விட்டா நான் ரெண்டு வீட்டுக்கும் போக முடியாது."

"எங்கம்மாதான் முதல்ல கண்டாங்க," என்றாள் அவள். "பாம்பு ஒரு வாரம் கழிச்சுத்தான் வந்துச்சு. அதுவும் நாங்க ஃபோன் பண்ணி பழத்தைப் பத்திச் சொன்ன பிறகு."

"கேட்டுக்கிட்டீங்களா? எங்கம்மா கனவுல காப்பி அடிக்குதாம்."

பில்நாம் குறிப்பேட்டைத் திறந்தாள். "பாம்பு எவ்வளவு தடிமன்?"

"என் கை தடிமன் இருக்கும்."

"போன வாரம் ஃபோன்ல விரல் தடிமன்னு சொன்னீங்க."

"நல்லாச் சாப்பிடுது போல," என்றாள் மனைவி.

கறுப்பு, கை தடிமன், தலை வலப்பக்கம் என்று பில்நாம் எழுதிக்கொண்டாள். ஜொன்ஜு நகரில் சலவைக் கடைக்கு மேலே இருக்கும் இந்த ஒற்றை அறையில் பதினோரு ஆண்டுகளாக அவள் பிறருடைய கருக்கனவுகளை வரைந்து வருகிறாள். ஓவியர் என்ற மரியாதைக்காக எல்லோரும் அவளை டீச்சர் என்பார்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போதோ அதற்குச் சற்று முன்போ யாராவது ஒருவருக்குக் கனவு வரும். தாய்க்கே வர வேண்டும் என்பதில்லை. தகப்பனுக்கு வரலாம், சித்திக்கு வரலாம், கீழ்வீட்டுக்காரிக்குக்கூட வரலாம். யாருக்கு வந்தாலும் கனவு குழந்தைக்குச் சொந்தம். முன்பெல்லாம் அதை வாயால் சொல்லி விட்டுவிடுவார்கள். இப்போது சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டுகிறார்கள். வருகிறவர்கள் பொய் சொல்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வரைகிறவள் முன்னால் உட்கார்ந்ததும் கனவுக்கு நல்ல உடை உடுத்திவிடுகிறார்கள். மீன் தங்க மீனாகிறது. ஒற்றைப் பன்றி ஒன்பது குட்டிகளோடு வருகிறது. அதனால் அவள் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பாள்: காலடியில் என்ன இருந்தது? அதற்கு யாரும் முன்கூட்டியே பதில் தயாரித்து வருவதில்லை. கண்களை மூடுவார்கள். சரளைக்கல் என்பார்கள், நனைந்த சிமெண்ட் என்பார்கள், எங்கள் பள்ளிக்கூடத்து மரப்பலகை என்பார்கள். அங்கிருந்து அவள் வரையத் தொடங்குவாள். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். பெரும்பாலும் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

கணவனும் மனைவியும் போனபிறகு அவள் தன் குதிரையை எடுத்து மேசைமேல் விரித்தாள். அது ஒன்பதாவது குதிரை. மற்ற எட்டும் மேசைக்கு அடியில் சுருட்டிக் கிடந்தன.

நாட்டுப்புற ஓவியர் சங்கத்தின் இலையுதிர்காலக் கண்காட்சிக்கு இந்த வருடம் ஒவ்வொருவரும் தத்தம் கருக்கனவை வரைய வேண்டும் என்று செயலாளர் தோ அம்மாள் யோசனை சொன்னபோது, அதிகம் மகிழ்ந்தவள் பில்நாம்தான். ஊரார் கனவுகளையெல்லாம் வரைந்தாயிற்று, தன்னுடையதைத் தொட்டதே இல்லை. ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன் என்று கூட்டத்தில் சொன்னாள். இரண்டு மாதம் ஆகிவிட்டது. சிக்கல் எளிமையானது. குதிரை ஒரு பழைய அடுப்படிக்குள் நிற்க வேண்டும். குதிரையை அதன் அளவில் வரைந்தால் அடுப்படி ரயில் நிலையம் போல் பெரிதாகிவிட்டது. அடுப்படியை அதன் அளவில் வரைந்தால் குதிரை நாயாகிவிட்டது. படிகாரமும் பசையும் பூசிய மல்பெரித் தாளில் ஒரு கோட்டை அழிக்க முடியாது, முழுத்தாளையும்தான் எறிய வேண்டும். இடப்பக்கம் பார்க்கும் குதிரை, வலப்பக்கம் பார்க்கும் குதிரை, திரும்பி நிற்கும் குதிரை. கால்கள் சரியாக இருந்தால் அடுப்பு காற்றில் மிதந்தது. எல்லாவற்றையும் ஒருவழியாகப் பொருத்தியபோது அது காலண்டர் குதிரையாக இருந்தது. யாரும் அதைக் கனவில் கண்டிருக்க முடியாது.

அவளுக்கு அந்தக் கனவு கிடைத்தது ஒன்பது வயதில். கருக்கனவைக் கேட்டுக்கொண்டு வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். பில்நாம் கேட்டபோது அவள் திரும்பவில்லை. "குதிரை வந்துச்சு. அடுப்படிக்குள்ள," என்றாள். அவ்வளவுதான். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, ஒரு வெள்ளைக் குதிரை என்று பில்நாம் சொன்னாள். வெள்ளை என்பதை அம்மா சொன்னாளா, தானே சேர்த்தாளா என்பது இப்போது நினைவில்லை. பையன்கள் சிரித்தார்கள். குதிரை ஆண்பிள்ளைக்கு வரும் கனவு. பெண்பிள்ளைக்குப் பழம் வரும், பூ வரும், மோதிரம் வரும். மூத்த அக்காவுக்குச் சீமைப்பனிச்சைப் பழங்கள் வந்திருந்தன. இரண்டாவது அக்காவுக்கு வெள்ளி மோதிரம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது தாத்தா வைத்த பெயர் பில்நாம். 'கட்டாயம் ஆண்' என்று பொருள். அடுத்தது ஆணாக வர வேண்டும் என்பதற்காக வைப்பது. அது அவளுக்கான பெயரே அல்ல. பின்னால் வரப்போகிறவனுக்கு எழுதிய கடிதம். அவள் அந்தக் கடிதத்தின் உறை. நான்கு வருடம் கழித்துத் தம்பி கிசோக் பிறந்தான். கடிதம் போய்ச் சேர்ந்தது. பள்ளியில், கல்லூரியில், வங்கியில், மருத்துவமனையில் யாராவது அவள் பெயரை உரக்கப் படித்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நேரங்களில் அவள் குதிரையை நினைத்துக்கொள்வாள். பெயர் எப்படிப் போனாலும், தனக்கென்று ஒன்று வந்திருக்கிறது, அதுவும் குதிரை.

ஒன்பதாவது குதிரையின் கழுத்து மட்டும் ஓரளவு சரியாக வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் அதை ஃபோனில் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். எதுவும் எழுதவில்லை. இரண்டாவது அக்கா ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். பத்து நிமிடத்தில் கிசோக் கூப்பிட்டான். அவனுக்குக் கிம்ஜெ என்ற ஊரில் டயர் கடை. பின்னால் காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, பாத்தேன். என்ன சொல்றதுன்னே தெரியல. கண்ணு கலங்கிருச்சு."

"இன்னும் முடியலடா."

"மெதுவா முடி. பொறந்த நாளுக்கு ஒரு மாசம் இருக்குல்ல. ஆனா நீ ஒளிச்சு வெச்சிருந்திருக்கலாம். அம்பதாவது வயசுக்கு அக்கா படம் வரைஞ்சு குடுக்குதுன்னா திடீர்னு நீட்டினாத்தானே நல்லாருக்கும்."

பில்நாமுக்கு உடனே புரியவில்லை. "எதை?"

"படத்தைத்தான். என் குதிரையை."

"உன் குதிரையா?"

"பின்ன, பஞ்சர் ஒட்ட வர்றவனோட குதிரையா? அம்மா எத்தனை தடவ சொல்லிருக்கு. அதான் என் பேர்லயே நிக்குதே."

அது அவளுக்குத் தெரிந்ததுதான். கிசோக் என்ற பெயரின் முதல் எழுத்து, நெடுந்தூரம் ஓடும் நல்ல குதிரையைக் குறிக்கும் சீன எழுத்து. அதன் இடப்பக்கத்தில் நான்கு கால்களோடு ஒரு சிறு குதிரை நிற்கும். சின்ன வயதில் அவனுக்கு அதை எழுதப் பழக்கியவளே அவள்தான். பெயர் அவனுக்கு, கனவு தனக்கு என்று வீட்டில் பங்கு பிரிந்திருப்பதாகவே இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"கிசோக், அது என்னோட கருக்கனவு."

இயந்திரம் நின்றது. பிறகு அவன் கேட்டான். "உனக்கு எதுக்குக்கா குதிரை?"

குரலில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவன் நல்லவன். அம்மாவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்துகொண்டு கண் மருத்துவமனைக்கும் முட்டி மருத்துவமனைக்கும் அழைத்துப் போகிறவன் அவன்தான். அவனைத் திட்ட வாயெடுத்தால் எந்த இடத்தில் தொடங்குவது என்று அவளுக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

"சரி, விடு. இதுக்கெல்லாமா சண்டை போடறது," என்றான் அவன். "நீயே வெச்சுக்கோ. எனக்கு இன்னொன்னு வரைஞ்சு குடு, கடையில மாட்டறேன். ஆனா அது முன்னங்காலத் தூக்கிட்டு நிக்கட்டும். இது என்னமோ பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே நிக்குது."

ஃபோனை வைத்தபிறகு அவள் படத்தைப் பார்த்தாள். பஸ்ஸுக்குத்தான் நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய் மாலையும் புதன் முழுவதும் அவள் வேலை செய்ய முயன்றாள். பாம்பை எடுத்து வைத்தாள், பாம்பின் வாய் ஆவென்று திறந்து அசடு வழிந்தது. பழத்தைக் கீழே வைத்தாள், மேலே வைத்தாள். அவன் சொன்னதில் அவளை அதிகம் அறுத்தது 'நீயே வெச்சுக்கோ' என்பதுதான். யார் விட்டுக்கொடுக்கிறார்களோ அவர்களுடையதாக ஆகிவிடுகிறது பொருள். வாங்கிக்கொள்கிறவள் கடன் வாங்கியவள் போலத்தான். வேறு கனவை வரைந்துவிடலாமா என்று யோசித்தாள். ஒரு பூவோ, ஒரு கூடை மிளகாயோ. யார் கேட்கப் போகிறார்கள்? ஊரில் எத்தனையோ பேர் தங்கள் மீனுக்குத் தங்கம் பூசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு தாளை எடுத்து மிளகாய் ஒன்று போட்டாள். நல்ல மிளகாய். முதல் கோட்டிலேயே சரியாக வந்தது. அந்த ஆத்திரத்தில் தூரிகையைத் தண்ணீரில் அவள் அடித்த அடியில் பீங்கான் கிண்ணம் கவிழ்ந்து, நீலம் மேசை விளிம்பு வழியாக அவள் மடியில் சொட்டியது.

வியாழக்கிழமை காலையில் தோ அம்மாள் கூப்பிட்டார். கண்காட்சிப் புத்தகம் மாலை அச்சுக்குப் போகிறது, படத்தைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம், தலைப்பு மட்டும் வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்: இன்னாருடைய கருக்கனவு, கண்டவர் இன்னார். பில்நாம் சாயங்காலம் சொல்கிறேன் என்றாள். பிறகு நீலக்கறை படிந்த காற்சட்டையை மாற்றிக்கொண்டு கிம்ஜெ பஸ்ஸைப் பிடித்தாள்.

அம்மா அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் தனியாக இருக்கிறாள். அடுக்களைத் தரையில் செய்தித்தாளை விரித்து, சர்க்கரைவள்ளித் தண்டுகளைக் குவித்து, ஒவ்வொன்றாக முறித்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கிம்ச்சி ஊறுகாய்க்கு.

"கையுறை போட்டுக்க. கறை போகாது," என்றாள். வா என்றோ ஏன் வந்தாய் என்றோ கேட்கவில்லை.

பில்நாம் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி தண்டை எடுத்தாள். கையுறை போடவில்லை. கொஞ்ச நேரம் உரித்தார்கள். நுனியை முறித்துக் கீழே இழுத்தால் தோல் நீளமாக வர வேண்டும். அம்மாவுக்கு வந்தது. பில்நாமுக்குப் பாதியிலேயே அறுந்தது.

"கிசோக் சொன்னான்," என்றாள் அம்மா. "அக்காளும் தம்பியும் குதிரைக்கு அடிச்சுக்கறீங்களாம். அம்பது வயசுல."

"அடிச்சுக்கல. ஒன்னு கேக்கணும். அது யாரு வயித்துல இருக்கறப்ப வந்துச்சு?"

அம்மா மூன்று தண்டுகளை உரித்து முடித்தாள்.

"நீ."

பில்நாம் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். தான் கேட்டுவந்த சொல் இவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிடும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கிடைத்ததும் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அப்ப அவங்கிட்ட ஏன் அவனோடதுன்னு சொன்ன?"

"அவனோடதுதான்."

"அம்மா."

"என்ன அம்மா? நீ வயித்துல ஏழு மாசம். குதிரை வந்துச்சு. காலைல உங்க தாத்தாகிட்ட சொன்னேன். வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மனுஷன் அப்பவே மை அரைக்க உக்காந்துட்டாரு. மூணு நாள் வயலுக்குப் போகல. பொஸ்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பாத்து, குதிரை எழுத்தா எடுத்து பேரு எழுதினாரு."

"என்ன பேரு?"

"என்ன பேருன்னா? கிசோக்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பாய் உதறும் சத்தம் கேட்டது.

"எனக்கா?" என்றாள் பில்நாம்.

"வயித்துல இருந்ததுக்கு. அது நீதான்னு யாருக்குத் தெரியும்? நீ பொறந்ததும் அந்தத் தாளை மடிச்சுக் கூரைச் சந்துல சொருகிட்டாரு. குதிரை அவசரப்பட்டு முன்ன வந்துருச்சு, ஆளு பின்னால வர்றான்னு சொன்னாரு. நாலு வருசம் கழிச்சு எடுத்துப் பிரிச்சாரு. ஒரு மூலையை எலி தின்னுருந்துச்சு. பேரு இருந்த எடம் நல்லாத்தான் இருந்துச்சு." அம்மா அடுத்த தண்டை எடுத்தாள். "புதுசா எழுதுங்கன்னு உங்கப்பா சொன்னாரு. தாத்தா கேக்கல."

"நீ என்ன நெனச்ச?"

"நானா? மூணாவதும் பொண்ணு. கொழுக்கொழுன்னு வேற இருந்த. எல்லாரும் என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போனாங்க. நான் படுத்த எடத்துல என்னத்த நெனைக்கறது?"

ஃபோன் அதிர்ந்தது. தோ அம்மாள். "டீச்சர், உங்களுது மட்டுந்தான் பாக்கி. அஞ்சரைக்கு அச்சகத்துக்குப் போகணும். பில்நாமின் கருக்கனவு, கண்டவர் தாயார். அப்படியே போட்டுரட்டுமா? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அப்புறம் கூப்பிடறேன்," என்று பில்நாம் அணைத்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "ஒரு பேருதான் போடுவாங்க. எம்பேரப் போடவா, அவன் பேரப் போடவா?"

"ரெண்டையும் போடு."

"ரெண்டு போட முடியாது."

"ஏன், தாளு சின்னதா?"

"அம்மா, வெளையாடாத. ஒன்னு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. நான் அதைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கேன்."

"நான் என்ன கோர்ட்டா? கனவு வந்துச்சு. சொன்னேன். எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்தாங்க. இப்ப நீங்க ரெண்டு பேரும் இழுக்கறீங்க. கண்டவளுக்குத்தான் ஒன்னுமில்ல." அம்மா உரித்த தோலையெல்லாம் ஒரு பக்கம் தள்ளினாள். "எங்க, அந்தப் படத்தைக் காட்டு. அவன் காட்டினப்ப கண்ணாடி இல்ல."

பில்நாம் ஃபோனைக் கொடுத்தாள். அம்மா கண்ணாடியைப் போட்டு, ஃபோனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். முகம் சுளித்தது.

"இது எந்தக் குதிரை?"

"நீ சொன்ன குதிரை."

"இது மாப்பிள்ளை ஏறிப் போற குதிரை. வெள்ளைன்னு யாரு சொன்னா?"

"நீதான்."

"நானா? விடியக்காலம். அடுப்படி பூரா பொகை. என்ன நெறம் தெரியும் அதுல?" விரலால் திரையைத் தட்டினாள், படம் பெரிதாகிக் குதிரையின் வயிறு மட்டும் தெரிந்தது. "நின்ன நிலையே தப்பு. எல்லாம் தப்பு. பதினோரு வருசமா ஊர்க் கனவெல்லாம் வரையறேங்கற. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

பில்நாமுக்குக் காது சுட்டது. தன் அறைக்கு வரும் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அம்மாவிடம் இதுவரை கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டால் அம்மா கனவைத் திரும்பப் பறித்துக்கொள்வாள் என்ற பயமாக இருக்கலாம்.

"காலுக்குக் கீழ என்ன இருந்துச்சு?" என்றாள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். கண்களை மூடவில்லை. செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஈரம்," என்றாள். "அரிசி கழுவின தண்ணி. பயத்துல நான்தான் பாத்திரத்தக் கவுத்துட்டேன். மண் தரைல்ல, வழவழன்னு இருந்துச்சு. அது அந்தத் தண்ணிக்குத்தான் வந்துச்சோ என்னமோ. அடுப்படி ரெண்டு படி பள்ளம். நெலை தாழ்வு, நானே குனிஞ்சுதான் போவேன். அது தலைய விட்டுச்சு. கழுத்து வந்துச்சு. முன்னங்கால் ஒன்னு ஒன்னா எறங்குச்சு. அவ்வளவுதான். வயிறு மாட்டிக்கிச்சு."

"மாட்டிக்கிச்சா?"

"பின்ன? குதிரை எம்மாம் பெருசு, அடுப்படி எம்மாந்துண்டு. எப்படி நுழையும்? யோசிக்க மாட்டியா நீ?"

பில்நாம் மேசைக்கு அடியில் சுருண்டு கிடக்கும் தாள்களை நினைத்தாள்.

"தாத்தா முதல்ல ஒன்னுதான் கேட்டாரு," என்றாள் அம்மா. குரல் முன்பைவிடத் தணிந்திருந்தது. "ஆண் குதிரையா, பொட்டைக் குதிரையான்னு. ஆணுன்னு சொன்னேன்."

"பாத்தியா?"

"பின்பாதி வெளிய நிக்குது. நான் உள்ள நிக்கறேன். எங்கிட்டுப் போய்ப் பாக்கறது? அவரு மொகத்தப் பாத்தேன். ஆணுன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு ஒரு தண்டை எடுத்து முறித்தாள். தோல் இரண்டங்குலத்தில் அறுந்தது. அதை அப்படியே உரித்த குவியலில் போட்டாள்.

பில்நாமுக்குச் சிரிப்பு வருவது போல இருந்தது, வரவில்லை. யார்மேலாவது கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. தாத்தா செத்து முப்பது வருடம் ஆகிறது. கிசோக் இந்நேரம் ஏதாவது லாரிக்கு அடியில் படுத்திருப்பான். எதிரே இருக்கிறவளுக்கு எண்பத்திரண்டு வயது. அன்று அவளுக்கு இருபத்தெட்டு. இருபத்தெட்டு வயதில் ஏழு மாத வயிற்றோடு மாமனாரின் முன் நின்று, கனவில் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயர் நான்கு வருடம் கூரையில் இருந்தது.

"அதுக்கப்புறம் என்னாச்சு? உள்ள வந்துச்சா, திரும்பிப் போச்சா?"

"முழிச்சிட்டேன்."

"தலையை எந்தப் பக்கம் வெச்சிருந்துச்சு? கழுத்தக் குனிஞ்சா, நிமிந்தா?"

அம்மா இடது கையைக் கதவு நிலை போல வளைத்து, வலது கையை அதற்குள் நுழைத்துக் காட்டினாள். "இப்படி." மறுபடியும் காட்டினாள். "இல்ல. இப்படி." கையைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். "இப்படியும் இல்ல. உனக்குப் புரியல."

"புரியுது. சொல்லு."

"புரியலடி. நீ இப்பவே பஸ்ல போய்த் திரும்பவும் காலத் தூக்கின குதிரை ஒன்னு வரைவ." செய்தித்தாளின் விளிம்பைப் பிடித்துத் தண்டுகளோடு இழுத்துச் சுவரோரம் தள்ளினாள். தரையில் கையூன்றி எழுந்தாள். "எந்திரி. அங்க போய் நில்லு. அடுப்புகிட்ட. நான் நின்ன எடத்துல."

"அம்மா, முட்டி."

"எம் முட்டிய நான் பாத்துக்கறேன். போய் நில்லு."

பில்நாம் எழுந்து எரிவாயு அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா துணி காயும் பின்பால்கனிக்குப் போனாள். பால்கனிக்கும் அடுக்களைக்கும் நடுவில் இழுகதவு. அதைப் பிடித்து இழுத்து இடைவெளியைக் குறுக்கினாள். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் இழுத்தாள். பிறகு அங்கே அவள் கீழே இறங்குவது தெரிந்தது. முதலில் ஒரு முட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முட்டி. ஒரு முனகல்.

செய்தித்தாளின்மேல் ஃபோன் அதிரத் தொடங்கியது. திரையில் தோ அம்மாளின் பெயர். தண்டுகளுக்கு நடுவே அது மெல்ல நகர்ந்துகொண்டே போனது. பில்நாம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"எங்க போற? நான் அசையல அப்ப. அசைய முடியல," என்றாள் அம்மா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "பின்னாடி போ. இன்னும் கொஞ்சம்."

அவள் பின்னால் போனாள். அடுப்பின் விளிம்பு முதுகில் இடித்தது.

முதலில் தலை வந்தது. நரைத்த உச்சி, தாழ்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே. பிறகு ஒரு கை கதவின் தடத்தைத் தாண்டி வந்து தரையைத் தொட்டுப் பார்த்து, ஊன்றியது. மற்றொரு கையும் அதேபோல வந்தது. தோள்கள் கதவில் உரசி உள்ளே வந்தன. அங்கே நின்றுவிட்டது. இடுப்பும் கால்களும் வெளியே, தொங்கும் துணிகளுக்குப் பின்னால் இருந்தன. இங்கிருந்து எதுவும் தெரியவில்லை. அம்மா குனிந்தபடியே மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் முதுகு ஏறி இறங்கியது. பிறகு கழுத்தை மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பி, முகத்தைத் தூக்கி, கீழேயிருந்து அவளைப் பார்த்தாள்.